சவுக்குத் தோப்பில் மூன்று காபியும் ஒரு தலைவலியும்

ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்கியதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி. "அங்கே காபிக்கு என்ன செய்தீர்கள்?" உண்மையைச் சொன்னால், ஏலகிரியில் நான் குடித்தது காபியே அல்ல, வெறும் பழுப்புத் தண்ணீர். பயணத்தில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். படுக்கை, குளியல், ஏன் சாப்பாடுகூட. காலைக் காபியை மட்டும் என்னால் விட முடியாது. அதனால் போன கார்த்திகையில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, காபி போடும் வழிகள் மூன்றைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். காபிக் குறிப்பு மட்டும் போதும் என்பவர்கள் சனிக்கிழமை மாலைப் பகுதியைப் படித்தால் போதும். ஆனால் ஞாயிறு காலையையும் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காபியைவிட அதுதான் முக்கியம்.

பயணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் நாத்தனார் மாலினி.

மாலினி என் கணவர் கருணாவின் தங்கை. முப்பத்து நான்கு வயது. விவாகரத்துக்குப் பிறகு நான்கு வருடமாக ரெட்டியார்பாளையத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. நல்ல பெண், வீட்டு வேலையில் பாதியை அவள்தான் செய்வாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே சண்டை காபிதான். சிரிக்காதீர்கள். நான் கடையில் தூள் வாங்குகிறவள் இல்லை. பச்சைக் கொட்டை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே வறுத்து அரைப்பேன். அதற்காகத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் சொல்லி, கையால் சுற்றுகிற இரும்பு உருளை ஒன்றும், அதன் அடியில் வைக்கக் கரி அடுப்பு ஒன்றும் செய்து வாங்கியிருக்கிறேன். கேஸ் அடுப்பில் வறுத்தால் அந்த ருசி வராது. வறுப்பது வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில். மழைச்சாரல் அடிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வேறு முணுமுணுக்கிறார் என்று அந்த இடத்தை மேலே தகரமும் பக்கவாட்டில் கண்ணாடியும் போட்டு அடைத்துவிட்டோம். மாலினியின் அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும்.

நான் வறுக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாலினி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். "இந்த வாசன எனக்கு ஒத்துக்கல அண்ணி, தலய பொளக்குது." சில ஞாயிறுகளில் வாந்தியும் எடுப்பாள். காபி வாசனைக்கு யாராவது வாந்தி எடுப்பார்களா? தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று அந்த வாசனையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகிறார்கள். இவளுக்கு மட்டும் தலைவலியாம். எனக்கு இருக்கிற ஒரே ஆசையையும் கெடுக்க இவள் போடும் நாடகம் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன். "நல்லா நடிக்கிற மாலினி." அன்றிலிருந்து மூன்று வாரம் பேச்சு இல்லை. பிறகு, மாதம் பிறந்ததும் பெண்கள் விடுதிக்குப் போகப்போவதாக அவள் கருணாவிடம் சொல்லியிருக்கிறாள்.

கருணாவுக்குத் தங்கை என்றால் உயிர். என்னிடம் சண்டையும் போட மாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு வந்து சொன்னார். "உன் காபி டெஸ்ட்டுக்கு மூணு பேருமா போவலாம் ஜெயா. ரெண்டு பேரும் மொகம் குடுத்துப் பேசுங்க. அதுக்கப்புறமும் அவ போறேன்னா போவட்டும்."

"காபி டெஸ்ட்டுக்கு அவளையா? அங்கயும் துண்டு கட்டிக்குவா."

"வெட்டவெளிதானே. வாசன நிக்காது."

மாலினியை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பையோடு வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று காலையிலேயே பெரிய மார்க்கெட் போய் ஒன்றரைக் கிலோ சங்கரா மீனும், இரண்டு கிலோ அடுப்புக் கரியும் வாங்கி வந்திருந்தேன். கரி கிலோ அறுபது ரூபாய். இருபது லிட்டர் குடிதண்ணீர் கேன் ஒன்று, நாற்பது ரூபாய். கடற்கரைக்குப் போகிறவர்கள் தண்ணீரை மறக்கவே மறக்காதீர்கள். போர்க் குழாயில் வருவது உப்பாக இருக்கும், அதில் எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் பாழ். கூடவே சின்ன கேஸ் அடுப்பு, அதற்கு ஒரு சிலிண்டர், நம்முடைய கரி அடுப்பு. கரி அடுப்பு மீன் சுட.

எங்களிடம் கார் இல்லை. ரெட்டியார்பாளையத்திலிருந்து மரப்பாலம், அரியாங்குப்பம் வழியாக வீராம்பட்டினம் வரை ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நானூற்றைம்பது கேட்டார், நானூறுக்கு ஒத்துக்கொண்டார். வழியெல்லாம் ஓட்டுநருக்குத்தான் எங்களைப் பற்றி அதிகக் கவலை.

"டென்ட்ல தங்கப் போறீங்களா? வூடு எங்க சார்?"

"ரெட்டியார்பாளயம்தான்."

"சொந்த வூடா?"

"சொந்த வூடுதான்."

கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்தார். "சொந்த வூட்ட உட்டுட்டு மழ நாள்ல மண்ணுல படுக்க நானூறு ரூவா குடுத்து வரீங்க. நல்லா இருங்க சார்." மாலினி வெளிப்பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

நாங்கள் தங்கிய இடம் வீராம்பட்டினம் தாண்டி, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு தனியார் சவுக்குத் தோப்பு. பெரிய கூடாரம் ஒன்றுக்கு இரவு வாடகை ஆயிரத்து எண்ணூறு. கழிவறை உண்டு, விளக்கு உண்டு. கூடாரத்தில் உள்ளே படுக்க ஒரு தடுப்பு, அதற்கு முன்னால் உட்கார ஒரு கூடம், இரண்டுக்கும் ஜிப். தோப்பைப் பார்த்துக்கொள்பவர் ஏழுமலை. மீனவர் குடும்பம். விடியற்காலையில் கரையிலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். அவர் வீடு தோப்பின் மறுமுனையில், நானூறு மீட்டர் இருக்கும்.

"காலைல பால் கெடைக்குமாண்ணா?" என்றேன்.

"ஊட்ல மாடு கீது. அஞ்சரைக்கெல்லாம் கறந்துருவாங்க. நேரா ஊட்டாண்ட வந்து வாங்கிக்கம்மா."

இனி காபி. மாலை நான்கரைக்குத் தொடங்கினேன். காற்று நன்றாக வீசியது. முதல் சோதனை நம் எவர்சில்வர் ஃபில்டர். கூடாரத்தில் ஃபில்டருக்கு இரண்டு எதிரிகள்: சரிவான தரையும் காற்றும். சாய்ந்து நின்றால் தண்ணீர் ஒரு பக்கமாகவே இறங்கும், காற்று பட்டால் பாத்திரம் ஆறி டிகாஷன் பாதியில் நின்றுவிடும். மணலில் ஒரு சின்னக் குழி தோண்டி, கீழ்ப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, ஃபில்டரை அரைவாசி புதைத்து, மேலே துண்டைச் சுற்றி வைத்தேன். மணல் சூடு காக்கிறது, ஆட்டமும் இல்லை. மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பல்லில் மணல் கடிபடும். தூள் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்ததாக இருக்க வேண்டும். சிக்கரி அதிகம் சேர்ந்த தூள் குளிர்ந்த காற்றில் அடைத்துக்கொள்கிறது. இருபத்தைந்து நிமிடத்தில் திக்கான டிகாஷன். மூன்றில் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

இரண்டாவது, பிரான்ஸில் இருக்கும் கருணாவின் அத்தை கொடுத்தனுப்பிய கண்ணாடி ஜாடி. தூளும் வெந்நீரும் போட்டு, நான்கு நிமிடம் கழித்து மேலிருந்து சல்லடையை அழுத்துவது. அத்தை அதை 'கஃபெத்தியேர்' என்பார்கள், அதனால் எங்கள் வீட்டிலும் அதே பெயர். வேகம் உண்டு, கருப்புக் காபிக்கு அழகு. பால் ஊற்றினால் காணாமல் போய்விடுகிறது. கழுவ ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும், பையில் உடையாமல் கொண்டுபோவது வேறு ஒரு பாடு. வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, வெறும் துணி. தண்ணீர் கொதித்ததும் இறக்கி, தூளைப் போட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டுவது. கொஞ்சம் வெல்லம் தட்டிப் போட்டேன். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. சுமையும் இல்லை. துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. இரண்டு பேருக்கு மேல் போகிறவர்களுக்கு இதுதான் சுலபம்.

இந்த நேரமெல்லாம் மாலினி என்னிடமிருந்து நான்கடி தள்ளி, காற்று வந்து சேரும் பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள். மூன்று காபியின் வாசனையும் அவள் முகத்தில்தான் அடித்திருக்கும். துண்டைக் கட்டவில்லை. ஆறு மணிக்குக் கருணா வெளியே கரி அடுப்பில் மீன் சுட்டபோது, அவளாகவே என்னிடம் பேசினாள். "இங்க ஒண்ணும் பண்ணல அண்ணி. வாசன நல்லாத்தான் இருக்குது."

மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். அப்படியானால் வீட்டில் வந்த தலைவலி? வாந்தி? நான் சொன்னது சரிதானே, நடிப்புதானே? கருணாவைப் பார்த்து, கேட்டீர்களா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டார். நான் அவளுக்கு "ம்" என்று மட்டும் சொன்னேன். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிட்டோம்.

விடியற்காலை நான்கு மணிக்கு மழை பிடித்தது. நின்று பெய்யும் மழை இல்லை, கடல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கிற மழை. ஐந்து மணிக்கு எழுந்து கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் இரண்டு முறை பற்றி அணைந்தது, மூன்றாவது முறை சிலிண்டரே தீர்ந்திருந்தது. மாலையில் மூன்று காபி போட்டதன் பலன். கருணாதான் வழி சொன்னார்.

"கரி அடுப்பு கீதே. வெளிய குடைக்கடியில பத்த வெச்சு, நல்லா செவந்ததும் உள்ள தூக்கியாந்துடறேன். பொகையே இருக்காது."

"சூப்பர் ஐடியா" என்றேன். அப்படியே சொன்னேன். கரி சிவந்ததும் அடுப்பைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். சாரல் உள்ளே வந்ததால் ஜிப்பை மேலிருந்து கீழே வரை இழுத்துவிட்டேன். உள்ளே மாலினி படுத்திருந்த தடுப்பின் ஜிப்பை, அவளுக்கும் கதகதப்பாக இருக்கட்டும் என்று, நான்தான் திறந்துவிட்டேன். புகை துளியும் இல்லை. வெளியே மழைச் சத்தம், உள்ளே செக்கச் செவேலென்று நெருப்பு, அதன் மேல் தண்ணீர். ஒரு போட்டோகூட எடுத்தேன். அந்தப் படத்தை இங்கே போடவில்லை.

ஐந்தே முக்காலுக்கு எனக்கு நெற்றிப் பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது. கருணாவும் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தல வலிக்குதா?"

"லேசா. காபி நேரம் தாண்டிடுச்சுல்ல."

அதேதான். நம் வீடுகளில் இதைவிடச் சாதாரணமான விஷயம் உண்டா? காபி தாமதமானால் தலைவலி வரும், உள்ளே போனால் சரியாகிவிடும். வேறு எதையும் யோசிக்கவே தோன்றவில்லை. சீக்கிரம் கொதிக்கட்டும் என்று கருணா இன்னும் இரண்டு கை கரியை அள்ளிப் போட்டார்.

அப்போது உள்ளே இருந்து மாலினியின் குரல். "அண்ணி, தல வலிக்குது."

நான் கருணாவைப் பார்த்தேன். "ஆரம்பிச்சுட்டா." மெல்லத்தான் சொன்னேன், ஆனால் அவளுக்குக் கேட்கும்படி.

"நெஜமா அண்ணி. காலெல்லாம் ஒரு மாதிரி இருக்குது."

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்துது? கொஞ்சம் படு, சரியாயிடும்" என்றேன். பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். தூக்குப்பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். போகும்போது ஜிப்பை வெளியிலிருந்து நன்றாக இழுத்து மூடினேன்.

மழையில் மணல் கெட்டிப்பட்டிருந்தது. காற்று குடையைத் திருப்பித் திருப்பிப் போட்டது. பாதி வழியில் முகத்தில் அடித்த மழைகூட இதமாக இருந்தது. ஏழுமலை வீட்டில் அவர் வண்டியை எடுக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா இந்த மழையில? நானே எட்த்தாந்து குட்த்திருப்பேனே. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ."

"வேணாண்ணா, அங்க டிகாஷன் எறங்கிக்கிட்டிருக்கு. காபி குடிக்கிற வரைக்கும் எனக்கு இந்தத் தலவலி..."

சொல்லவந்தது வாயிலேயே நின்றுவிட்டது. தலை வலிக்கவில்லை. கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். சுத்தமாக இல்லை. ஒரு மிடறு காபிகூடக் குடிக்கவில்லை, ஆனால் வலி போய்விட்டது. வெளியே வந்ததும் போய்விட்டது. அப்படியானால் அது காபித் தலைவலி இல்லை. உள்ளே இருந்தால் வரும், வெளியே வந்தால் போகும் தலைவலி. குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று மலை ஊர்களிலிருந்து செய்தி வரும், நீங்களும் படித்திருப்பீர்கள். நானும் படித்திருக்கிறேன். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்பியிருக்கிறேன். நாம் காபிக்கு வைத்த அடுப்பும் அதே அடுப்புதான் என்று அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

தூக்கை எங்கே போட்டேன் என்று தெரியாது. "அண்ணா, டென்ட்டுக்குள்ள நெருப்பு, ரெண்டு பேர் உள்ள இருக்காங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை. நானூறு மீட்டர் தூரம் எவ்வளவு நீளமானது என்று அன்றுதான் தெரிந்தது. ஏழுமலை என்னைத் தாண்டி ஓடினார். கூடாரம் அப்படியேதான் நின்றது, நெருப்பும் பிடிக்கவில்லை, புகையும் இல்லை. பார்த்தால் யாரும் எதுவும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயம் கூடியது.

ஜிப் பாதியில் நனைந்த துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் இழுத்து மூடிய ஜிப். இழுக்க இழுக்க இறுகியது. ஏழுமலை அதோடு மல்லுக்கட்டாமல், பக்கத்து முளைகள் இரண்டைக் காலால் உதைத்துப் பிடுங்கி, கூடாரத்தின் அடியையே தூக்கிப் பிடித்தார். நான் குனிந்து உள்ளே போனேன்.

கருணா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் ஃபில்டர் மூடி. முகம் சிவந்து கிடந்தது. என்னைப் பார்த்து, தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி, "பால் கெடச்சுதா?" என்றார். எழுந்திருக்கப் பார்த்து அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். அவரை ஏழுமலை இழுத்தார். நான் உள்தடுப்புக்குள் போனேன். மாலினி தலையணையில் வாந்தி எடுத்திருந்தாள். "மாலினி" என்றேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்கவில்லை.

அவளைக் கக்கத்தில் கை கொடுத்து எப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் என்னைவிடக் கனம். வெளியே மணலில் கிடத்தி, மழை அவள் முகத்தில் அடிக்க, கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். மூச்சு இருந்தது. அது மட்டும்தான் இருந்தது. அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை. பயத்துக்கு நடுவிலும் ஒன்று மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, 'ஆரம்பிச்சுட்டா' என்று நான் சொன்ன குரல். அவள் கடைசியாகக் கேட்டது அதுவாக இருந்துவிடக் கூடாது என்று வேண்டாத சாமி இல்லை.

ஏழுமலை ஒரு சாக்கால் அடுப்பைப் பிடித்துத் தூக்கி மழையில் எறிந்துவிட்டு, வண்டியைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார். மீன் ஏற்றுகிற பின்பக்கத்தில் தார்ப்பாயை விரித்து ஏறினோம். கருணா ஓரக் கம்பியில் சாய்ந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தார், கொஞ்சம் தெளிந்திருந்தார். மாலினியின் தலை என் மடியில். எங்கள் ஊருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோமீட்டர், ஞாயிறு காலை என்பதால் சாலை காலி, இருபது நிமிடம் ஆனது. அரியாங்குப்பம் பாலம் தாண்டும்வரை அவள் அசையவே இல்லை. முருங்கப்பாக்கம் வரும்போது முனகினாள். கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்தேன்.

"அண்ணி... நான் நடிக்கல."

நான் வாய்விட்டு அழுதேன். ஏழுமலை பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லண்ணா, பேசுறா, நீங்க போங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் மாலினியின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டினார்கள். தொண்ணூற்றெட்டு காட்டியது. "நார்மல்தானே டாக்டர்?" என்று கருணா உயிர் வந்தவர் மாதிரி கேட்டார். பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் தலையை ஆட்டினார். "கரியில வர்ற கார்பன் மோனாக்சைடு வாயு ரத்தத்துல ஏறியிருந்தா, இந்தக் கிளிப் நார்மல்னுதான் காட்டும், நம்பக் கூடாதுங்க. பிளட் எடுத்துத்தான் பாக்கணும்." மூன்று பேருக்கும் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டிவிட்டார்கள். எனக்கும் கருணாவுக்கும் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். மாலினிக்குப் பல மணி நேரம் ஓடியது. மதியத்துக்கு மேல் எழுந்து உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி தலைவலி, வாந்தி எப்பவாச்சும் வந்திருக்கா?"

மாலினி மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமையில வரும் டாக்டர்."

"ஞாயித்துக்கெழமையில மட்டுமா?"

மாலினி காபி வறுப்பதைச் சொல்லியிருக்கலாம், அவளுக்கு அந்த உரிமை இருந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்துகொண்டாள். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ல கரி அடுப்பு ஏதாவது இருக்குதுங்களா?"

"இது அதே அடுப்புதான் டாக்டர்" என்றேன் நான்.

அடைத்த பின்பக்கம், அதன் மேல் தகரம், அவள் ஜன்னல், ஞாயிறு தோறும் ஒன்றரை மணி நேரம் கனன்ற கரி. எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வரிசையாக வந்து நின்றன. எனக்கும் வறுக்கும்போது தலை கனக்கும். வறுத்து முடித்து, முதல் டம்ளர் காபியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவேன், குடிப்பதற்குள் சரியாகிவிடும். 'காபின்னா காபிதான்' என்று நானே மெச்சிக்கொள்வேன். மாடிக் காற்று செய்த வேலைக்கு இத்தனை நாளும் காபிக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாலினி மாடிக்குப் போனதில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு அதே அறைக்குள் போய், குளிர்க்காற்று வேண்டுமென்று அதே ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருக்கிறாள்.

இனி, கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. கரி அடுப்பு எந்தக் காரணத்துக்காகவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது. சிவந்துவிட்டது, புகை இல்லை, ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் சமாதானம் இல்லை. கொல்வது கண்ணுக்குத் தெரிகிற புகை அல்ல, நிறமும் வாசனையும் இல்லாத வாயு. கேஸ் அடுப்பும் அப்படித்தான், அதுவும் வெளியேதான். மழை பெய்தால் கூடாரத்துக்கு வெளியே, நான்கு பக்கமும் திறந்த இடத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் அன்று சூடான காபி வேண்டாம். முதல் நாள் மாலையே திக்காக டிகாஷன் இறக்கிப் பாட்டிலில் அடைத்து வையுங்கள், வெந்நீரைப் படுக்கும் முன்பு வெளியிலேயே காய்ச்சி நல்ல பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். காலையில் இரண்டையும் கலந்தால் கொதிக்கக் கொதிக்க இருக்காதுதான், வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பான காபி குடித்து யாரும் சாகவில்லை. நானே இப்படி எழுதுவேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

சிலிண்டர் இரண்டாக எடுத்துப் போங்கள். ஒரே இடத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், காரணம் தேடிக்கொண்டு உட்காராமல் எல்லோரும் எழுந்து வெளியே போய்விடுங்கள். காபியோ, வெயிலோ, தூக்கமோ, அதைக் காற்றில் நின்று பேசிக்கொள்ளலாம்.

அந்த அடுப்பு தோப்பிலேயே கிடக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முளை பிடுங்கியதில் கிழிந்த கூடாரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தோம். ஏழுமலை வண்டி வாடகை வாங்க மறுத்துவிட்டார். அன்று அவருக்கு மீன் லோடு போயிற்று. போன வாரம் நாங்கள் மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போய், அவர் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்தோம். மாலினி குடிக்கவில்லை, அவளுக்குப் பிடிக்காது, ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பின்பக்கத்துக் கண்ணாடியையும் தகரத்தையும் கழற்றிவிட்டோம். இப்போது மொட்டைமாடியில் கேஸ் அடுப்பில்தான் வறுக்கிறேன். ருசி கொஞ்சம் குறைவுதான், இருக்கட்டும். விடுதிக்குப் போகும் பேச்சை அவள் தைக்குத் தள்ளி வைத்திருக்கிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு ஆசை. அதைச் சொல்லும் தகுதியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். மெல்லப் படித்தாள். 'நடிப்பு', 'நாடகம்' என்று எழுதியிருந்த இடங்களில் அவள் விரல் நின்று நின்று போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வரியெல்லாம் எடுத்துடட்டுமா மாலினி?"

"வேணாம் அண்ணி, அப்படியே இருக்கட்டும்." போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "எங்கயாவது ஒரு வூட்ல எவளாவது ஒருத்தி தல வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அவங்க அண்ணி படிக்கட்டும்."